தொப்பூரிலிருந்து தலைமன்னாருக்கு: நின்றுபோன ஒரு கப்பல் வழி

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே, அதில் போய் வரலாமா என்று உங்களில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு அந்த வழி தொடங்கியது. சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றுவிட்டது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடியது. காங்கேசன்துறைக்குச் சுமார் நான்கு மணி நேரம். சுமார் 150 பேர் போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் தேதியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதை ஒரு வரியில் பதிலாகப் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கணவாய்க்கும் கரட்டுக்கும் நடுவில் இருக்கிற தொப்பூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நிறைய இருக்கிறது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை நாம் சேலம் மாவட்டம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் கொண்டுபோன கங்காணிகள் சேலம், திருச்சி, வட ஆற்காடு ஜில்லாக்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மழை பொய்த்த வருஷம் என்றால் அவர்களுக்கு அறுவடை. ஊரில் பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், கண்டிக்குப் போனவர் ஒருவராவது இருப்பார்.

எங்கள் குடும்பத்தில் போனவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான கையோடு, 1930களில், கங்காணியின் துண்டுச் சீட்டோடு போனார். சேலம் வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரயிலில் மண்டபம். மண்டபம் முகாமில் சில நாள் வைத்து, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து, பிறகு தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடலில் 35 கிலோமீட்டர் அளவுதான். அக்கரையில் இறங்கினால் துறையிலேயே ரயில் நிற்கும். மதவாச்சி, அனுராதபுரம் வழியாகப் பொல்காவெலையில் மாறி, மலைக்கு ஏறி ஹட்டன்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் வந்த ஏற்பாடு இது. சென்னை எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். ரயில், கப்பல், மறுபடி ரயில். 'போட் மெயில்' என்று பெயர் வந்தது அதனால்தான். இன்றைக்கும் ராமேஸ்வரம் வண்டியைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கப்பல் போனாலும் பெயர் போகவில்லை.

அத்தை திரும்பி வந்தது ஒரே ஒரு முறை, 1961இல். எனக்கு ஒன்பது வயது. மாமா, மூன்று பிள்ளைகள், கூட இரண்டு பக்கத்து லயத்துக்காரர்கள் என்று ஏழு பேராக வந்தார்கள். என் வயதொத்த மகன் என்னோடு ஓடிப்பிடித்து விளையாடினான். மூத்த பெண்ணுக்கு மட்டும் காய்ச்சல் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தகரப் பெட்டி இரண்டு, சாக்கு மூட்டை மூன்று. தேயிலைத் தூள், சாதிக்காய், சோப்பு, ஒரு தையல் மிஷின் தலை. தோட்டக் கூலியில் இத்தனை பேர் இத்தனை சாமானோடு எப்படி வந்தார்கள் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். கப்பலில் தளத்துப் பயணி என்று ஒரு வகுப்பு இருந்ததுதான் காரணம். பாயை விரித்தால் அதுதான் இடம்.

மலாயா வழியும் அப்படித்தான். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய 'ராஜுலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய் வந்தது. ஒரு வாரப் பயணம். மேல் வகுப்பில் வியாபாரிகளும் அதிகாரிகளும், கீழே தளத்தில் ஆயிரக்கணக்கில் தோட்டத்துச் சனங்களும் போனார்கள். ராஜுலாவுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதோடு அந்த வழி முடிந்தது.

விமானம் வந்தது, கப்பல் போனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. நம் ஊர் டவுன் பஸ்ஸை வைத்து யோசியுங்கள். வசதி வந்தவர்கள் பைக்குக்கு மாறுகிறார்கள். கூட்டம் குறைகிறது, ஒரு டிரிப்பைக் குறைக்கிறார்கள். பைக் வாங்க முடியாத பாட்டிதான் வெயிலில் நிற்கிறாள். கப்பலிலும் காசுள்ளவர் விமானத்துக்குப் போனார். ஆனால் காசில்லாதவர் தானாகப் போகவில்லை. அவரைச் சட்டம் நிறுத்தியது. 1938இல் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. மலாயா குடியேற்றச் சட்டங்களைக் கடுமையாக்கியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் இருக்க முடியாது என்றானது. பல ஆயிரம் பேர் திரும்பி வந்தார்கள். மேல் வகுப்பை விமானமும் தளத்தைச் சட்டமும் காலி செய்த பிறகு, நடுவில் மிஞ்சியவர்களை வைத்துக் கப்பல் எத்தனை நாள் ஓடும்?

இலங்கை வழியில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். வகுத்தல் கணக்கு மாதிரி. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரத்துக்குள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை ஆட்களோடு கடல் கொண்டுபோனது. கப்பல் துறையும் போனது.

பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் பெரும்பாலும் அதில்தான் வந்தார்கள். மலையிலிருந்து அவர்களை ஏற்றி வந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று அங்கே பெயர். அத்தை மகன் 1972இல் அப்படி வந்தவர்தான். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மூத்த மகளின் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அத்தை மகளோடு தங்கிவிட்டார். ஒரே லயத்து அறையில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

கப்பல் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. வரலாம், போகலாம் என்ற நினைப்பு இருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு போர் முற்றியதும் கப்பல் நின்றது. 1986இல் அத்தை இறந்த செய்தி எங்களுக்குக் கடிதமாக இருபது நாள் கழித்து வந்தது. அப்பாவுக்கு அப்போது 66 வயது. திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தை மடித்துக்கொண்டே, "நடந்து போற தூரந்தான். தண்ணி தாண்ட வழியில்லாம போச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மூத்த மகள், 1961இல் காய்ச்சலில் தங்கிவிட்டவர், இன்றும் ஹட்டன் பக்கத்தில் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். தன் தாய் பிறந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. பேரன் வாட்ஸ்அப்பில் பேசும்போதெல்லாம், "தாத்தா, பாட்டி தொப்பூருக்குப் போகணும்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க. கப்பல்ல கூட்டிட்டு வந்துரவா?" என்கிறான்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பாக் நீரிணையைக் குறி என்று உங்களைப் படுத்தியவன்தானே. காங்கேசன்துறை இலங்கையின் வடக்கு நுனி. யாழ்ப்பாணத்தாருக்கு அது வாசற்படி. மலையகத்தாருக்கோ நாட்டையே குறுக்கே தாண்டிப் போக வேண்டிய தூரம். மூட்டு வலியோடு 77 வயதில் ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து, பிறகு கப்பல் ஏறி, நாகையிலிருந்து மறுபடி இரவெல்லாம் பஸ்ஸில் வருவது அவரால் ஆகாது. புதுக் கப்பல் நல்ல காரியம். ஆனால் தோட்டத்துச் சனங்கள் இழந்த வழி அது இல்லை. அவர்கள் வழி தலைமன்னார்.

அந்த வழியில் இன்றைக்கு என்ன குறைகிறது தெரியுமா? போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதையை இந்திய உதவியோடு மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் துறை வரைக்கும் திறந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்து ராமேஸ்வரம் வரை ரயில் போகிறது. இரண்டு கரையிலும் தண்டவாளம் தண்ணீர் ஓரம் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு படகு இல்லை. ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் பற்றி இரண்டு அரசுகளும் பலமுறை பேசியிருக்கின்றன. அவசரமில்லாத விஷயமாகவே இருக்கிறது. காரணம், அதில் ஏறப்போவது அவசரமாகக் குரல் கொடுக்கத் தெரிந்த சனம் இல்லை.

தொடங்கினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு வழியில் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விட்டார்கள். நவம்பரில் நின்றுவிட்டது. ஆள் சேரும் வரை பொறுத்து ஓட்ட அரசு கை கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் அப்படித்தான் ஓடுகிறது. மூன்று நாள் பயணம், பங்க் வகுப்பில் சாதாரண மனிதரும் மூட்டையோடு போகலாம். கப்பல் பயணம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் அதில் ஒருமுறை போய் வாருங்கள்.

எங்கள் வீட்டு முடிவைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஒரு மணி நேரம். திருச்சியிலிருந்து நாமக்கல், சேலம் வழியாகக் காரில் நான்கு மணி நேரத்தில் தொப்பூர். வயதானவருக்கு இதுதான் சரி. தை பிறந்ததும் வருகிறார்கள். ஆனால் வருவது இரண்டே பேர், பாட்டியும் பேரனும். அவன் அம்மா, அப்பா, தங்கைகள் எல்லாருக்கும் டிக்கெட்டும் விசாவும் எடுக்கக் கையில் காசில்லை. 1961இல் தோட்டக் கூலியில் ஏழு பேர் வந்தார்கள். இப்போது பேரன் கொழும்பில் வேலை பார்த்தும் இரண்டு பேர்தான் வர முடிகிறது. பயணம் வேகமாகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குடும்பமாக வருகிற வழி மூடியே கிடக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தையில் எல்லாரும் ஒரு நாளாவது தொப்பூர் வந்துவிடுங்கள். அவர் பார்க்க வருவது ஊரை மட்டும் இல்லை.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் ராஜுலாவிலோ, சிதம்பரத்திலோ, ராமானுஜத்திலோ வந்தவர்கள் இருந்தால், எந்த வருஷம், எத்தனை பேர், என்ன சாமான் கொண்டு வந்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்த வாரமே கேளுங்கள்.