சனது இல்லாத பயணம்

வாசுதேவநல்லூரில் பத்தாண்டுகள் விபத்தின்றித் தம் காரை ஓட்டிய நம் தமக்கை மகன், துபாய் சென்று அங்கொரு கார் வாங்கினார். "மாமா, இங்கே நான் புது ஓட்டுநராம், காப்பீட்டுக்கு மிகுதியாகக் கேட்கிறார்கள். ஊரில் இழப்பீடு கோராமைக்குச் சான்று கிடைக்குமா?" என்றார்.

நாம் நாணினோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடே போதும், எஞ்சியது ஐயத்துக்குரியது என்று அன்று தடுத்தவர் நாமே. இழப்பீடு கோராதோர்க்கு 50 விழுக்காடு வரை வளரும் தள்ளுபடியோ, சொந்தச் சேதக் காப்பீட்டுக்கே உரியது.

சனது இல்லாத செய்தியை ஹதீஸ் கலையோர் ஏற்பதில்லை என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அவருடைய கவனத்துக்குச் சனது இல்லாமற் செய்துவிட்டோம். பல நிறுவனங்களில் கேட்டு ஒப்பிடுமாறு சொன்னோம்; மன்னிப்பும் கேட்டோம். பேணுதல் நன்றே, பிறர் செலவில் நாம் பேணுதல் கொள்ளலாகாது.