சட்டத்தரணியைக் காணுமுன்

கினிகத்தேனையைச் சூழ்ந்த மலைகளில் இருவேறு விவாகச் சட்டங்கள் அருகருகே வாழ்ந்து வந்துள்ளன. கிராமத்துச் சிங்களத் தம்பதியர் கண்டியச் சட்டத்தின்கீழ் மணம் புரிந்தவராயின், இனிச் சேர்ந்து வாழ இயலாதெனக் கண்டபோது, 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சென்று, இருவரது சம்மதத்தையே காரணமாகக் காட்டிப் பிரிந்துகொள்ள அது இடமளித்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கு அந்த வழி இல்லை. அவர்களை ஆள்வது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். வியபிசாரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், மணம் புரிந்த வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை என்னும் மூன்றையே அது காரணங்களாக வகுத்தது. ஒருவர் குற்றம் புரிந்திருத்தல் வேண்டும். மற்றவர் அதனை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவுதல் வேண்டும். ஒரே மழையில் நனையும் இரண்டு வீடுகளுள் ஒன்றுக்குக் கதவு அகலமாகவும் மற்றொன்றுக்குக் குறுகலாகவும் அமைந்தமை, சட்டம் பயில்வோரையும் வியப்பில் ஆழ்த்தக்கதே.

இவை எதனையும் அறியாதவளாய், ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்க ஆயத்தமானாள் அத்தோட்டங்களுள் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி. வயது முப்பத்து நான்கு; பிள்ளைகள் இருவர். கணவனின் லயத்தைவிட்டு அண்ணனின் லயக் காம்பராவுக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. முதியவர்கள் இன்னும் ‘பிரக்கிராசி’ என்றே சொல்கிறார்கள். பிரக்கிராசியும் அப்புக்காத்தும் 1973 ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டபோதிலும், மலையகத்தின் நாவில் பழைய பெயருக்கே பயம் கலந்த மதிப்பு.

அண்ணனின் மகள் உயர்தர வகுப்பு மாணவி. அப்பியாசக் கொப்பி ஒன்றை விரித்து அவளே எழுதத் தொடங்கினாள்.

“அத்தை, கலியாணம் எழுதுன சட்டிபிகட் எங்க?”

எழுதவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. “எழுதாத கலியாணத்துக்கு என்னாத்துக்கு விவாகரத்து?” என்று தோட்டத் தலைவர் ஒருமுறை கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது போலத் தோன்றினும் அது பிழை. பதிவு என்பது மணத்துக்குச் சிறந்த சான்றேயன்றி அதுவே மணம் அன்று. வழக்காற்றுச் சடங்குகளோடு நடந்து, கணவன் மனைவியென ஊரறிய வாழ்ந்த திருமணத்தை இலங்கை நீதிமன்றங்கள் செல்லுபடியானதென ஏற்று வந்துள்ளன. ஆகவே அதனை முடிப்பதற்கும் நீதிமன்றமே வேண்டும். ஆனால் நிறுவும் சுமை அவளுடையது. கணவனோ அண்மைக் காலமாக, “கலியாணமே நடக்கல” என்று சொல்லித் திரிந்தான். அவன் சொல் நின்றுவிட்டால் மனைவி என்ற முறையில் அவள் கேட்கக்கூடிய தாபரிப்பும் போய்விடும். பிள்ளைகளின் நிலை வேறு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து தாபரிப்புப் பெறும் உரிமையை அளிக்கிறது. அதற்கு மாவட்ட நீதிமன்றமும் வேண்டியதில்லை, நீதவான் நீதிமன்றமே போதும்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மஞ்சள் பூத்த ஒரு கலியாணப் படம், தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியாரின் பெயர் ஆகியவை கொப்பியின் முதற்பக்கத்தில் இடம்பெற்றன. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் தாம் இந்நாட்டில் வாழ்ந்ததற்கே காகிதம் தேடி அலைந்தவர்களின் பேத்தி அவள். தகரப் பெட்டியில் எதையும் எறியாது வைத்திருக்கும் பழக்கம் அக்குடும்பங்களுக்கு அப்படி வந்ததுதான்.

அடுத்தது தேதி. பிரிந்து வந்த நாள் எது? காமன் கூத்து முடிந்து சில நாட்கள் என்பது மட்டுமே அவள் நினைவில் இருந்தது. மகள் பழைய சம்பளச் சீட்டுகளைப் புரட்டினாள். அந்த மாதம் அத்தைக்கு நான்கு பேர் குறைந்திருந்தது. அடிபட்ட கையோடு மலைக்குப் போகாத நான்கு நாட்கள். மறுநாள் கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம் எழுதிய துண்டும் சாமிப் படத்தின் பின்னாலிருந்து கிடைத்தது.

“அவதான் வீட்ட விட்டுப் போனா” என்பது ஊர் வழக்கு. அவளும் மூன்றாண்டுகளாக அதனை நம்பி, குற்றவாளி தானே என எண்ணியிருந்தாள். சட்டமோ வாசற்படியைக் கடந்தவர் யார் என்பதோடு நின்றுவிடுவதில்லை. கொடுமையால் ஒருவரை வெளியேறச் செய்தவரே கைவிட்டவராகக் கருதப்படலாம். எனவே அன்றிரவு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணி அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்க, பெற்ற தாயிடமும் சொல்லாதவற்றைப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொல்வது எளிதாயிருக்கவில்லை. பல இடங்களில் பேச்சு நின்றது. மகள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சிக்கல் அதற்குப் பின்னரே எழுந்தது. பிரிந்த அடுத்த ஆண்டு, மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, கணவன் அழைக்க அவள் திரும்பிச் சென்று இரண்டு மாதம் அவனோடு வாழ்ந்திருந்தாள். மறுபடியும் அடி, மறுபடியும் இங்கு.

“அத எழுதாதம்மா. கேஸு கெட்டுப் போயிரும்” என்றாள் அண்ணி.

அண்ணியின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. மீண்டும் சேர்ந்து வாழ்ந்த காலம், பிரிவின் கணக்கையும் மன்னிப்புப் பற்றிய வாதத்தையும் பாதிக்கவல்லது. ஆயினும் எதிர்த்தரப்பு மன்றில் அதை எடுத்துக்காட்டும்போதே தன் சட்டத்தரணி முதன்முறை கேட்பாராயின், அவளைத் தாங்க எவராலும் இயலாது. கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் உரைப்பது இரகசியமாகக் காக்கப்படும் என்பதையும் அங்கு எவரும் அறிந்திருக்கவில்லை.

மொழி பற்றிய கவலையும் இருந்தது. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, தமிழில் வழக்கிடவும், மன்றில் வழங்கும் மொழி அறியாதவர் அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளருக்காகத் தவணைக்கு மேல் தவணை காத்திருப்போர் அந்த உறுப்புரையை வேறு விதமாக வாசிப்பர்.

செவ்வாய்க்கிழமை ஒரு நாட்பேர் போகும். பஸ் கூலி, கட்டணம், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் அண்ணி விரல்விட்டு எண்ணினாள். கட்டணம் மிகையானால், 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டெனப் பாடசாலை ஆசிரியை சொல்லியிருந்ததை மகள் நினைவூட்டினாள்.

கொப்பியை மூடப் போனவளின் கையை அத்தை பிடித்தாள்.

“அந்த ரெண்டு மாசத்தையும் எழுது. மகனுக்குக் காச்சல்னு போனேன்னு எழுது. அவரு கூப்பிட்டாருன்னும் எழுது.”

அண்ணி ஒன்றும் சொல்லாமல், விளக்கைக் கொஞ்சம் கொப்பியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.