மூன்று சூரியன், ஒரு முழங்கால்

சுவிட்சர்லாந்து என்றதும் பனி, பசு, சாக்லேட், குளிரில் நடுங்கியபடி டூயட் பாடும் ஹீரோயின் என்று நினைப்பவர்கள் செப்டம்பரில் லாவோவுக்கு வரவேண்டும். வெயில் முதுகை உரிக்கும்!

ஜெனீவா ஏரியின் வடகரை. லோசான் நகர எல்லையிலிருந்து ஷியோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டருக்குச் சரிவெங்கும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். எதிர்க்கரையில் ஆல்ப்ஸ் மலை. 2007-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே மூன்று சூரியன் என்பார்கள் ஊர்க்காரர்கள். வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகலெல்லாம் சூடு குடித்துவிட்டு ராத்திரி மெள்ள விடும் கற்சுவர் ஒன்று.

இந்த மூன்றுக்கும் நடுவே, சென்னையிலிருந்து வந்த பன்னிரண்டு பேரை நடத்திக்கொண்டு போவது என் வேலை. சான் சஃபோரன் கிராமத்திலிருந்து லுட்ரி வரை சுமார் 11 கிலோமீட்டர்.

வழியெல்லாம் மஞ்சள் பலகைகள். அவற்றில் தூரம் கிடையாது, நேரம்தான். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓய்வு நேரம் சேர்த்தியில்லை. நானும் பி.காம்தானே! பலகை நேரம், கூட்டல் போட்டோ, கூட்டல் பாத்ரூம், கூட்டல் சப்பாத்தி ரோல்... ஆகமொத்தம் இரண்டு மடங்கு.

ஆனால் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜரின் முழங்கால், எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

ரிவா தாண்டியதும் முன்னால் போன நாலு இளைஞர்களில் ஒருவன், "இவர் ஸ்பீடுக்கு நடந்தா ராத்திரி ஆயிடும் ஸார்" என்றான். கொஞ்சம் உரக்கவே. மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. ஏரியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழியில் பல கிராமங்களுக்குக் கீழே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. "அடுத்த ரயிலைப் பிடிங்க ஸார்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால், அவர் ஊருக்குத் திரும்பிப்போய் ஏரியைப் பற்றியா பேசுவார்? தன்னை ரயிலேற்றி விட்டதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

"ஸார், நீங்க முன்னால போங்க. மத்தவங்க உங்க பின்னால வரட்டும்" என்றேன். மலையில் இது பழைய வழக்கம். மெதுவாக நடப்பவர் முன்னால். நான் கடைசியில்.

வேகம் குறைந்ததும் பையன்களுக்குக் கண் திறந்தது! பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறும் ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பார்த்தார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் துறவிகள் ஆரம்பித்துவைத்த சுவர்களைத் தொட்டுப் பார்த்தார்கள். தெசலே என்ற இடத்தில் லோசான் நகராட்சிக்கே சொந்தமாகத் தோட்டம் இருக்கிறது. அதன் ஒயினை வருஷாவருஷம் ஏலம் விடுகிறார்கள் என்றேன். "எங்க ஊர் நகராட்சி சைக்கிள் ஸ்டாண்டைத்தான் ஏலம் விடும்" என்றார் மேனேஜர். முதல் சிரிப்பு. சுவிஸ் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வெளிநாட்டுக்குப் போகிறதாம். மீதியை இவர்களே குடித்துவிடுகிறார்கள்!

எபெஸ் வந்ததும் மேனேஜர் நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "தம்பி, இங்கேர்ந்து நான் ரயில்ல வரேன். நீங்க நடங்க." அதை அவரே சொன்னார். யாரும் சொல்லவைக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு இறக்கம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். உரக்கப் பேசிய அதே பையன் அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "பிடிச்சுக்குங்க அங்கிள்" என்று கையை நீட்டினான்.

நாங்கள் வியர்த்து வழிய லுட்ரி படித்துறைக்கு வந்தபோது இருவரும் ஏரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உங்க ஸ்பீடுக்கு நடந்தா ராத்திரி ஆயிடும் போலிருக்கே!"