ரெண்டாயிரம் ரூபாயும் ரெண்டு காதும்

"நல்ல ஹெட்போன் ஒண்ணு சொல்லு மச்சி, பட்ஜெட் ரெண்டாயிரம்." இந்தக் கேள்வி வராமல் எந்த காலேஜிலும் ஒரு செமஸ்டர் முடிவதில்லை. பதிலும் உடனே வந்துவிடும், ஆளுக்கொரு கம்பெனி பெயரோடு. "எங்கே உட்கார்ந்து கேட்கப் போறே?" என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

அரூரில் இருந்து தினமும் சேலம் போய்ப் படிக்கிற ஒரு பி.காம். மாணவியை எடுத்துக்கொள்ளலாம். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கி, சேலம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். திரும்பி வரவும் அதே கதை. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் கிட்டத்தட்ட 20 மணி நேரம் பஸ்ஸில். அவள் பாட்டு கேட்கிற இடம் அதுதான். வீட்டில் எங்கே தனியாகக் கேட்பது, டிவி ஓடிக்கொண்டிருக்கும். :-)

அந்த பஸ்ஸில் என்னென்ன சத்தம்? இன்ஜின் உறுமல், ஜன்னல் கண்ணாடி ஆட்டம், ஏர் ஹார்ன், டிரைவர் சீட்டுக்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு தனிக் கச்சேரி. இதையெல்லாம் மீறித் தன் பாட்டு கேட்க வேண்டும் என்றால் அவள் என்ன செய்வாள்? வால்யூமை ஏற்றுவாள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு வெறும் 5. மேலே சொன்ன மாணவிக்கு வாரம் 20 மணி நேரப் பயணம் என்பதால் அவளுடைய வரம்பு 83. இன்ஜின் சத்தத்துக்காக இன்னும் 3 டெசிபல் ஏற்றினாள் என்றால் அந்த வாரத்து கோட்டா புதன்கிழமை சாயங்காலமே தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் ஓவர்டிராஃப்ட்தான். பேங்க் ஓவர்டிராஃப்ட்டையாவது கட்டி அடைக்கலாம். உள்காதில் சத்தத்தை உணர்கிற மெல்லிய முடி செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

அதனால் பஸ் பயணிக்கு நல்ல ஹெட்போன் என்றால் வெளிச்சத்தத்தை அடைத்து, குறைந்த வால்யூமிலேயே பாட்டைத் தெளிவாகக் கொடுப்பது. அதிகமாக பேஸ் அடிப்பதையோ, பெட்டியில் பெரிய எழுத்தில் எதையாவது போட்டிருப்பதையோ வைத்து முடிவு செய்தால் காசும் போகும், காதும் போகும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாதிச் சரக்கு தானாகவே கழிந்துவிடும். ஓபன் பேக் என்று ஒரு ஜாதி ஹெட்போன் உண்டு. பின்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும். சென்ஹைசர் கம்பெனியின் ஹெச்.டி. 600, 1997-ல் வந்து இன்றைக்கும் பேசப்படுகிற மாடல், அந்த வகைதான். அமைதியான அறையில் அருமையாக இருக்கும். பஸ்ஸில் இன்ஜினும் சேர்ந்து பாடும். அதுவும் போக அதன் இம்பீடன்ஸ் 300 ஓம். போனில் நேரடியாகச் செருகினால் பாட்டு வரும், ஆனால் சுரத்தில்லாமல் வரும். போனில் நேரடியாகக் கேட்பவர்கள் பொதுவாக 16-ல் இருந்து 32 ஓம் வரை உள்ளதைப் பார்த்தால் போதும்.

காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் வாங்கலாமே என்றால், சித்திரை மாத வெயிலில் ஜன்னல் சீட்டில் அதை மாட்டிக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

மிச்சம் இருப்பது காதுக்குள் ரப்பர் முனையோடு நுழைகிற இயர்போன். இதில் வயர் உள்ளதா, புளூடூத்தா என்பது அடுத்த சண்டை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சண்டையே இல்லை, தேய்மானக் கணக்கு. ரெண்டாயிரம் ரூபாய் புளூடூத் இயர்பட்ஸில் அந்தக் காசு எங்கெங்கே பிரிகிறது? ரெண்டு குட்டி பேட்டரி, டப்பாவில் ஒரு பேட்டரி, ரேடியோ சிப், மைக். கடைசியில்தான் சத்தம் போடுகிற டிரைவருக்குப் பங்கு. பேட்டரி ரெண்டு மூணு வருஷத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. வயர் உள்ளதில் அந்தச் செலவெல்லாம் கிடையாது. வயரைக் கழற்றி மாற்றுகிற மாதிரி உள்ளதாக இருந்தால் ஆயுள் இன்னும் கூடும், ஏனென்றால் இயர்போனில் முதலில் சாவது வயர்தான். மூன்ட்ராப் என்கிற சீன கம்பெனி 2022-ல் சூ என்று ஒரு மாடல் விட்டது. வயர் கழற்ற வராது. 2023-ல் வந்த சூ 2-ல் கழற்றும்படி மாற்றிவிட்டார்கள். 7ஹெர்ட்ஸ் ஜீரோவும் 2022-ல் வந்ததுதான். இவையெல்லாம் அமெரிக்காவில் 20 டாலர் அளவு விலைக்கு வந்த சரக்கு. பத்து வருஷத்துக்கு முன் இந்த விலைக்கு இந்தத் தரம் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

போனில் 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் டைப்-சி கன்வர்ட்டருக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும்.

புளூடூத்துக்காக ஒரு நியாயமும் பேச வேண்டும். நாய்ஸ் கேன்சலிங் என்பது இன்ஜின் உறுமல் மாதிரி தொடர்ந்து வருகிற அடித்தொண்டைச் சத்தத்துக்கு உண்மையிலேயே வேலை செய்யும். வங்காள வம்சாவளி அமார் போஸ் 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் இன்ஜின் இரைச்சலால் வெறுத்துப்போய் யோசிக்க ஆரம்பித்த விஷயம் அது. விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல் வந்தது. ஆனால் பேச்சுக்குரல், ஹார்ன் என்று வந்தால் அது தடுமாறும். அதையெல்லாம் தடுப்பது காதை அடைக்கிற ரப்பர்தான். அதனால் கேன்சலிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரப்பர் சரியாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதை யாரும் மதிப்பதில்லை. பெட்டியில் மூணு சைஸ் ரப்பர் இருக்கும். பெரும்பாலானவர்கள் மாட்டி வந்ததோடு விட்டுவிட்டு, "பேஸே வரலை" என்று இயர்போனைத் திட்டுவார்கள். காது ஓட்டையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியே ஓடிவிடும். இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு இன்னொரு சைஸ் தேவைப்படுகிறவர்களும் உண்டு. பாட்டை ஓடவிட்டு, காது மடலை லேசாக மேலே இழுத்துக்கொண்டு இயர்போனைச் செருகிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். செலவு பூஜ்யம்.

அப்புறம் விலை. அதிக விலை என்றால் அதிகத் தரம் என்பது எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். யெரோன் பிரீபார்ட் என்கிற ஆராய்ச்சியாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து வைத்து ஒப்பிட்டார். எந்த ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்கிற ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு வந்தது. உழைப்பு, மெட்டீரியல், சொகுசு இதிலெல்லாம் விலைக்கேற்ற வித்தியாசம் இருக்கலாம். காதுக்கு வருகிற சுரத்துக்கு விலைச்சீட்டு உத்தரவாதம் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் "20 ஹெர்ட்ஸ் - 20,000 ஹெர்ட்ஸ்" என்பதும் அப்படித்தான். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்றால், மொபைல் கடையில் கொத்தாகத் தொங்குகிற பாக்கெட்டைப் பிரித்து யாரும் காதில் வைக்க விட மாட்டார்கள். அது நியாயமும்கூட, அடுத்தவர் காதுக்குள் போகிற பொருள். சென்னையில் ஹெட்போன் ஜோன் என்று இதற்கென்றே 2011-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. அரூர்க்காரர்களுக்கு அதுவும் இணையம் வழியாகத்தான். ஆகவே வாங்குவதற்கு முன், யாராவது நண்பரிடம் ஓரளவு நல்ல இயர்போன் இருந்தால் ரப்பரைத் துடைத்துவிட்டு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டுப் பார்ப்பது உத்தமம். புதுப்பாட்டு வேண்டாம். இளையராஜாவின் 'பிரியா' (1978) தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகப் பேசப்படுகிற படம். எந்த வாத்தியம் இடது பக்கம், எது வலது பக்கம் என்று பிரித்துக் கேட்டுப் பழக அதைவிட நல்ல பாடம் இல்லை. 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்தில் வயலின்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும்போது தனித்தனியாகக் கேட்கிறதா, ஒரே கூழாக இருக்கிறதா என்று பார்க்கலாம். 'ரோஜா'வில் (1992) பேஸ் வந்து பாடகரின் குரலை மூடக்கூடாது. ஒரு எச்சரிக்கை: யாரோ பழைய கேசட்டில் இருந்து ஏற்றிவைத்த பாட்டை நல்ல இயர்போனில் கேட்டால் முன்பைவிட மோசமாக இருக்கும். கேசட்டின் இரைச்சலும் இப்போது தெளிவாகக் கேட்கும் அல்லவா!

கடைசியாக பில். ரெண்டாயிரம் ரூபாயில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது சுமார் 305 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகிறது. "பில் வேணாம்னா நூறு ரூபா குறைச்சுக்கறேன்" என்று கடைக்காரர் சொன்னால் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் பில் இல்லாமல் வாரண்டி கேட்டு நிற்க முடியாது, பெயர் பெற்ற கம்பெனிகளுக்குப் போலிச் சரக்கும் உலவுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது ஜூலை 2020-ல். அதன்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அரூர்க்காரர் என்றால் தருமபுரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. புகாரோடு பில் கொடுக்க வேண்டியிருக்கும். கடையில் தருகிற பில்லில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிப்போகும், வாங்கின அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.