துரு நிற்கட்டும்

"மச்சான், அந்தத் துருப்பிடிச்ச இரும்பை வைச்சு என்ன செய்யப் போறம்? இடிச்சுப்போட்டு ஹோட்டல் கட்டினால் ஊர் உருப்படும்." யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை சீமெந்து ஆலையைப் பற்றி ஊரிலிருந்து மச்சான் தொலைபேசியில் சொன்னது இது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாழும் ஜேர்மனியின் ரூர் பகுதியில் துருப்பிடித்த இரும்பை வைத்து என்ன செய்யலாம் என்பதை ஒரு தலைமுறையாகச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

டூயிஸ்பூர்க்கின் மைடரிஹ் இரும்பாலை 1901இல் தொடங்கி 1985இல் மூடப்பட்டது. மண்ணெல்லாம் நஞ்சு. நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் ஊதுலைகளை நின்ற இடத்திலேயே விட்டார். 1994இல் அது பூங்காவாகத் திறந்தது. ஐந்தாம் இலக்க ஊதுலையின் உச்சிவரை யாரும் ஏறலாம். எரிவாயுத் தாங்கியில் நீர் நிரப்பிச் சுழியோடிகள் பயிற்சி எடுக்கிறார்கள். தாதுக் கிடங்கின் சுவர்களில் பாறையேறுவோர் தொங்குகிறார்கள். வார்ப்புக் குழிகளில் கிடந்த 49 இரும்புத் தட்டுகள் ஒரு முற்றமாகியிருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த உலைகளின் முன் வியர்வை சிந்தியவர் பேரனைக் கூட்டிவந்து, தான் நின்ற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம். உழைத்தவனுக்கு ஒரு நாடு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்?

ஆனால் "உங்கள் ஊரிலும் இப்படிச் செய்யலாமே" என்று இங்குள்ள நண்பர்கள் கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். மைடரிஹ்ஹை மூடியது சந்தை. காங்கேசன்துறையை 1990இல் நிறுத்தியது போர். இங்கே நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு 2007இல் சட்டமே போட்டார்கள். கடைசிச் சுரங்கமான புரொஸ்பர்-ஹானியல் 2018இல் மூடும்வரை அரசு பணம் கொடுத்தது. சுரங்கத் தொழிலாளி ஆயத்தமாக அவகாசம் இருந்தது. எங்கள் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. விட்டுவந்த ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் சம்மதியேன்.

பூங்கா சோறு போட்டுவிடும் என்றும் சொல்லவில்லை. டூயிஸ்பூர்க்கில் வேலையில்லாதோர் இன்றும் பத்து சதவீதத்துக்கு மேல். காங்கேசன்துறைக்கு வேலை தரும் தொழில் வரட்டும், ஹோட்டலும் வரட்டும். ஆனால் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் வயோதிபர்களாக இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வரைபடம் கீறுவதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: எந்தச் சுவர் நிற்க வேண்டும், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்களில் எதை முதலில் நிரப்ப வேண்டும் என்று.