வயற்சேட்டும் அம்மாவின் சேலையும்

பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குள் போனால், மாரிகாலத்தில் பச்சை வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கே களை பிடுங்கும் பெண்கள் பாவாடைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சேட்டு அணிந்திருந்தார்கள். வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் காப்பு. சிலருக்கு அது இல்லாமற்போன கணவனின் சேட்டு.

அந்த உடுப்போடு வீதிக்கு வர எங்கள் சகோதரிகள் கூசுகிறார்கள். ஏன் கூச வேண்டும்? இன்று உலகமே அணியும் ஜீன்ஸும் தொழிலாளரின் காற்சட்டைதான். கிழியாதபடி அதன் பொக்கற்றில் செப்பாணி அடிக்கும் முறைக்கு, 1873இல் அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் உரிமம் பெற்றார்கள்.

1991 இடப்பெயர்வில் தாயார் எடுத்துவந்த நூற்சேலையை ஒரு சகோதரி எனக்குக் காட்டினார். மடிப்புகளில் இற்றிருந்தது. இற்ற பகுதியை நீக்கி, மிச்சத்தில் நீளப் பாவாடை தைத்திருந்தார். சேலைக்கரையில் ஒரு துண்டைக் கணவரின் நீலச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துத் தைத்திருந்தார். கைகளை முழங்கைவரை மடித்துவிட்டு, அதே உடுப்பில் என்னோடு கசூரினா கடற்கரைக்கு வந்தார்.

"இவ்வளவு நாளும் அவரை வயலுக்கு மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒன்று பூப்போட்டதென்றால் மற்றது வெறும் நிறமாக இருக்கட்டும். தைக்குமுன் இரண்டையும் தனித்தனியே நனைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் இற்றுப்போவதைவிட உடுத்தித் தேய்வது நல்லது.