முதலில் எண்ணெய், பிறகு வேகம்

அப்பாவின் புல்லட்டைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆதித்தனார் சாலையிலிருந்து புதுப்பேட்டைச் சந்துக்குள் திரும்பும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 1989ஆம் வருட 350 சிசி வண்டி, வார்ப்பிரும்பு சிலிண்டர். போன வருடம் வேறொரு பட்டறையில் இன்ஜின் வேலை செய்தது. ஆறே மாதத்தில் அடியிலிருந்து 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

பட்டறைக்காரரை அந்தத் தெருவே 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். "பாய், சத்தத்தைச் சரி பண்றதோட 500 பிஸ்டன், பெரிய கார்புரேட்டர் எல்லாம் போட்டுடலாமா? ஹைவேயில எண்பதுல நிம்மதியாப் போகணும்."

அவர் பதில் சொல்லாமல் வண்டிக்கு அடியில் தட்டை வைத்து டிரெய்ன் நட்டைக் கழற்றினார். வடிந்த எண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் சாய்த்துக் காட்டினார். கறுப்புக்குள் வெள்ளிப் பொடி தூவினாற்போல் மின்னியது.

"உங்க வண்டியோட எலும்பு கரைஞ்சு வருது தம்பி. முதல்ல இதை நிறுத்தணும். ஓட்டத்தை அப்புறம் பேசலாம்."

அன்றிலிருந்து நான்கு சனிக்கிழமைகள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.

கூவம் கரையை ஒட்டிய புதுப்பேட்டையைப் பலரும் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடமாகவே அறிவார்கள். பிரித்ததைத் திருத்தமாகச் சேர்க்கும் கைகளும் அங்கேதான் இருக்கின்றன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இங்கே வந்தது. பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் இந்த இன்ஜின் வார்க்கப்பட்டது. ஊருக்குள்ளேயே பிறந்த இரும்பு என்பதால், அதன் நோய்களும் ஊருக்குத் தெரியும். புதிய இன்ஜின் வந்து வார்ப்பிரும்பு இன்ஜினின் தயாரிப்பு நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. சாலையில் ஓடுவதை வாழவைப்பது இந்தப் பட்டறைகள்தான்.

பாய் வேலைக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். எண்ணெய், கிராங்க், சிலிண்டர், நெருப்பு, மூச்சு. இந்த வரிசையை யாருக்காகவும் அவர் மாற்றுவதில்லை.

இந்த இன்ஜினில் எண்ணெய்க்கு இரண்டு பம்புகள். ஒன்று எண்ணெயை கிராங்க்குக்கு அனுப்பும், மற்றது அடியில் வடிந்ததைத் திரும்ப இழுக்கும். பம்பின் தட்டு தேய்ந்தால் எண்ணெய் இடுக்கில் கசிந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாது. விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் கண்ணாடித் துண்டின்மேல் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அந்தத் தட்டை எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தான். துடைத்துப் பார்ப்பான், எங்காவது நிறம் மாறியிருந்தால் மறுபடி தேய்ப்பான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தட்டு முழுவதும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்தது.

தட்டிய சத்தத்தின் மூலம் கனெக்டிங் ராடின் அடிப்பக்கத்தில், பிக் எண்டில் இருந்தது. பழைய அமைப்பில் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே மிதக்கும் ஒரு புஷ். உள்ளும் புறமும் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை அது பாதுகாப்பு. எண்ணெய் குறைந்தால் முதல் பலி அதுதான். பாய் அதை எடுத்துவிட்டு, உருளைகள் உள்ள ரோலர் பேரிங் ராடைப் போட்டார். குறைந்த எண்ணெயிலும் அது தாக்குப்பிடிக்கும். பழைய புல்லட்டுக்கு ஒரே ஒரு மேம்பாடு செய்யக் காசிருந்தால் இதைச் செய்யுங்கள் என்பது அவர் எல்லோருக்கும் சொல்வது.

ராடை மாற்றிய பிறகு நடந்ததுதான் அந்த நாலு வாரத்தில் நான் பார்த்த பெரிய வேலை. கிராங்க்கை இரண்டு சென்டர்களுக்கு நடுவே தாங்கவைத்து, தண்டின்மேல் டயல் கேஜின் மூக்கைத் தொடவைத்தார். கனத்த ஃப்ளைவீல்களைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அங்குமிங்கும் ஆடியது. அதிகம் ஆடிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கிராங்க்கை இறக்கி, கோட்டின் பக்கம் செம்புச் சுத்தியால் ஒரே அடி. மறுபடி சென்டர், மறுபடி சுற்று. பையனிடம் சொன்னார்: "முதல் அடிக்கு முள்ளு எவ்ளோ நகர்ந்ததுன்னு பாத்துக்க. அடுத்த அடி அதுல பாதியாக் குடு."

இருபது தடவைக்குக் குறையாது. கடைசியில் முள் இரண்டு கோட்டுக்குமேல் நகரவில்லை. அந்தக் கேஜில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

சிலிண்டர் இரண்டு தெரு தள்ளி லேத் அண்ணனிடம் போனது. பழைய அளவு 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது 346 சிசி. போர் பண்ணி ஒரு மில்லி பெரிய பிஸ்டன் போட்டால் பெரிதாகச் சக்தி கூடும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்: 356. வெறும் பத்து சிசி! 500 வண்டிக்கும் ஸ்ட்ரோக் அதே 90தான், விட்டம் மட்டும் 84. அதை இதில் ஏற்ற கிராங்க்கேஸின் வாயையே அகலப்படுத்த வேண்டும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சிசியை இஷ்டத்துக்கு மாற்ற 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இடம் தராது. ஆசையை அங்கேயே இறக்கி வைத்தேன். சிலிண்டர் தேய்ந்திருந்த அளவுக்கு அரை மில்லி ஓவர்சைஸ் போதும் என்று முடிவானது.

போர் செய்வதற்குமுன் பிஸ்டனைக் கையில் கொடுக்கச் சொன்னார் அண்ணன். மஞ்சள் துணியைப் பிரித்து மைக்ரோமீட்டரை எடுத்து, பிஸ்டனின் அடிப்பாவாடையை மூன்று முறை அளந்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டியது ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். அதில் குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் ஆடும், புகை கக்கும். "டப்பாவுல எழுதியிருக்கிற அளவை நம்பி போர் பண்ணிடுவாங்க. கையில இருக்கிற பிஸ்டனுக்குத்தான் பண்ணணும்" என்றார். போன வருடம் என் வண்டிக்கு என்ன நடந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. பாகங்கள் எல்லாம் புதிதாகத்தான் போட்டிருந்தார்கள். யாரும் அளக்கவில்லை.

மீதி வேலை வேகமாக முடிந்தது. வால்வுகளைத் தேய்த்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்தார்கள். பாயிண்ட், கண்டென்சரை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும் என்று, கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றினோம். காபித்தூள் நிறம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம்.

கணக்குப் பார்க்கும்போதுதான் மனம் கனத்தது. பாகங்களின் பில்லுக்கு யாரும் பேரம் பேசுவதில்லையாம். கூலியில்தான் குறைக்கச் சொல்கிறார்கள். கூலி மொத்தமாகப் பேசுவது. முள் அசையாமல் நிற்கும்வரை அடித்த அந்த இருபது அடிக்கும், பையன் கண்ணாடிமேல் தேய்த்த அந்த ஒரு மணி நேரத்துக்கும் பில்லில் தனி வரி கிடையாது. ஆனால் வண்டி நடுவழியில் நிற்காமல் வீடு சேர்வது அந்த வரியில்லாத நேரத்தால்தான். அதைக் கொடுக்க நாம் மறுத்தால் அளக்காத பட்டறைகள்தான் மிஞ்சும். பையனும் பெட்ரோலில் வெடித்த விரல்களோடு வேறு வேலை தேடிப் போய்விடுவான். அன்று பாய் கேட்டதை அப்படியே கொடுத்தேன். பையனின் கையில் தனியாகவும் கொடுத்தேன்.

முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டி, எண்ணெய் மாற்றப் போனேன். பாய் உள்ளங்கையில் ஏந்தினார். மெல்லிய மினுக்கம் இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. "ரிங் சுவரோட பழகுது, பயப்படாதீங்க. அடுத்ததைப் பாத்துச் சொல்றேன்."

2000 கிலோமீட்டரில் மறுபடி போனேன். இடையில் திண்டிவனம்வரை எண்பதில் போய்வந்திருந்தேன். தட்டில் வடிந்த எண்ணெயை இந்த முறை பையன்தான் ஏந்தினான். கையை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாயிடம் நீட்டினான். அவர் பார்த்தார், தலையசைத்தார். கறுப்பு மட்டும்தான் இருந்தது.